தேவனுடைய துக்கத்தில் நமக்கு என்ன பங்கு?

கேள்வி, 6 மார்ச் 2025

நேற்று சாம்பல் புதன் ஆராதனை. "இந்த நாற்பது நாளும் பாவத்தைக் குறித்துத் தேவன் படுகிற துக்கத்தில் நாமும் பங்கெடுக்க வேண்டும்" என்று போதகர் பிரசங்கித்தார். பாவ அறிக்கை நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் விசும்பினார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இயேசு சிலுவையில் "முடிந்தது" என்று சொல்லிவிட்டார். மன்னிப்பும் கிடைத்துவிட்டது. அப்புறம் தேவனுக்கு என்ன துக்கம்? எனக்கு அதில் என்ன பங்கு? நம் தலையில் குற்றவுணர்ச்சியை ஏற்றிவைக்கிற வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. சபையில் கேட்டால் "இருதயம் கடினப்பட்டுப் போச்சு" என்பார்கள். அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

6 மார்ச், இரவு

கண்ணீர் வராததைக் கடின இருதயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், தம்பி. சிலருக்குக் கண் சீக்கிரம் நனையும், சிலருக்கு நனையாது. என் அம்மா அடுத்த வீட்டுக் கல்யாணத்திலும் அழுவார். அப்பா தன் தாயின் அடக்கத்தில்கூட அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அந்தக் காலிக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

தேவனுக்குத் துக்கம் உண்டா என்றால், வேதம் ஆறாவது அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. "தாம் பூமியிலே மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது" (ஆதியாகமம் 6:6). ஜலப்பிரளயத்துக்கு முன்னால் வருகிற வசனம். நாம் கோபத்தை எதிர்பார்க்கிற இடத்தில் விசனம் இருக்கிறது.

"முடிந்தது" என்பதும் உண்மை. ஆனால் எபேசியர் 4:30 யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். "நீங்கள் மீட்கப்படும் நாளுக்கென்று முத்திரையாகப்பெற்ற தேவனுடைய பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்." முத்திரை போட்டாயிற்று, கைவிடப்போவதில்லை, அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் பவுல் துக்கப்படுத்தாதே என்கிறார். விட்டுவிட்டுப் போகிற எண்ணம் உள்ளவருக்கு இந்தத் துக்கம் வராது. கூடவே இருக்கப்போகிறவருக்குத்தான் வரும்.

அந்த வசனத்தைச் சுற்றி இருப்பவற்றையும் பாருங்கள்: பொய், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு, கூக்குரல், தூஷணம். கொலை இல்லை, விக்கிரகம் இல்லை. எல்லாம் ஒரு வீட்டுக்குள் சாயங்காலம் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் நடக்கிற விஷயங்கள்.

7 மார்ச்

இறையியல் கல்லூரியில் படிக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார்: தேவன் மாறாதவர், வேதனை அவரைத் தொடாது, துக்கம் என்பதெல்லாம் நமக்குப் புரிவதற்காக மனுஷ பாஷையில் சொன்னது என்று. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் திருநெல்வேலிச் சபைகளுக்கு ஆங்கிலிக்கன் வேர் உண்டு. அந்தச் சபையின் 39 பிரமாணங்களில் (1571) முதலாவதே, தேவன் சரீரமோ உறுப்புகளோ உணர்ச்சிவேகங்களோ இல்லாதவர் என்கிறது. அதில் காக்கப்படுகிற உண்மை பெரியது. நம் பாவம் அவரை நிலைகுலைய வைக்காது. காலையில் ஒரு மாதிரி, குடித்துவிட்டு வந்தால் ஒரு மாதிரி என்று இருக்கிற தகப்பனிடம் வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள், மாறாத தேவன் என்றால் எவ்வளவு ஆறுதல் என்று சொல்வார்கள்.

ஆனால் 1 சாமுவேல் 15 இருக்கிறதே. பதினோராம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று கர்த்தரே சொல்கிறார். இருபத்தொன்பதாம் வசனத்தில் மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்று சாமுவேல் சொல்கிறார். ஒரே அதிகாரம். எழுதினவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை. நானும் அழிக்க மாட்டேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடம், 1946இல், ஜப்பானிய இறையியலாளர் கசோ கிட்டமோரி தேவனுடைய வேதனையையே மையமாக வைத்து எழுதினார். போர்க்கைதியாக இருந்து வந்த ஜெர்மானியர் மோல்ட்மன் 1972இல் சிலுவையில் தேவன் பட்ட பாட்டைப் பற்றி எழுதினார். இடிபாடுகளுக்கு நடுவில் நின்றவர்களுக்கு வேதனை தொடாத தேவனைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. எனக்கு இந்த வாதத்தில் கடைசி வார்த்தை சொல்லும் படிப்பு இல்லை. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று சொன்னவர் எருசலேமைப் பார்த்து அழுதார். அதை நான் பிடித்துக்கொள்கிறேன்.

8 மார்ச்

நேற்று வசன எண்ணைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அந்த அதிகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

கர்த்தர் தம் மனஸ்தாபத்தைச் சாமுவேலிடம் சொல்கிறார். "அப்பொழுது சாமுவேல் மனம் நொந்து, இராமுழுதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான்." சவுல் விஷயத்தில் சாமுவேலுக்கு என்ன கடமை? ராஜாவே வேண்டாம் என்று எட்டாம் அதிகாரத்தில் எச்சரித்தவர் அவர். "அன்றைக்கே சொன்னேன், கேட்டீர்களா?" என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. இரா முழுக்க அழுதார்.

விடிந்ததும் சவுலைப் பார்க்கப் போகிறார். சவுல் முகமலர்ச்சியோடு வந்து "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறான். அமலேக்கியருடைய ஆடுமாடுகளையும் விடாமல் அழிக்க வேண்டும் என்பதுதான் கட்டளை; ஆனால் பின்னால் ஆடு கத்துகிறது, மாடு கத்துகிறது. அப்படியானால் என் காதில் விழுகிற இந்தச் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். ஞாயிறு பள்ளியில் இந்த இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்க விடுவேன். அப்புறம் சொல்வேன்: இந்தக் கேள்வியைக் கேட்கிற கண்கள் நேற்று இரவு தூங்காத கண்கள்.

கண்டிக்கப் போவதற்கு முந்தின இரவு நாம் என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அழுதுவிட்டுப் போனவனின் கடுமை ஒரு மாதிரி இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, பேசப்போவதை மனதில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறவனின் கடுமை வேறு மாதிரி இருக்கும்.

(அமலேக்கியரைப் பற்றிய கட்டளை எப்படி நியாயம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, கனமான கேள்வி. அதை இங்கே இழுத்தால் தம்பியின் கேள்வி அடியில் போய்விடும். தனியாகப் பேசுவோம்.)

16 மார்ச்

சங்கக் கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். மனம் சரியில்லை.

எங்கள் பக்கம் கூட்ட முடிவில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். சுகவீனம், பிள்ளைகள் பரீட்சை, வேலை, திருமணம் என்று வரும். பிறகு குரல் கொஞ்சம் இறங்கி, "இன்னொரு காரியம், ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்று ஆரம்பமாகும். இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. என்ன, யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஜெபம் இரண்டு நிமிடம், அதற்கு முன்னால் பேச்சு இருபது நிமிடம். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "ஐயோ பாவம், மனசு துடிக்குது" என்று ஒருவர். அவர் முகத்தில் துடிப்பு எதுவும் தெரியவில்லை. அடுத்து என்ன ஆச்சு என்று கேட்கிற ஆவல்தான் தெரிந்தது.

கடைசியில் ஒரு வயதான அம்மா, பெரும்பாலும் வாயே திறக்காதவர், ஒன்று கேட்டார்: "அந்தப் புள்ள சாப்பிடுதா?" யாருக்கும் தெரியவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண் வீட்டுப் பக்கமாகத்தான் நடந்தார்.

பாவத்தைக் குறித்துத் துக்கப்படுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறபோது இதைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் துக்கம் நம்மை அந்த ஆளின் பக்கம் நடக்க வைக்கிறதா, அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வைக்கிறதா?

17 மார்ச்

மேலே எழுதினதை ஒட்டி ஒன்று. ஜான் ஹைட் என்கிற அமெரிக்க மிஷனெரி 1892இல் பஞ்சாபுக்கு வந்தவர், 1904இல் சியால்கோட் கூடுகைகள் தொடங்கினபோது அதன் ஜெபத்தைத் தாங்கினவர்களில் ஒருவர். இரா முழுக்க முழங்காலில் இருப்பார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஓர் இந்தியப் போதகருக்காக ஜெபிக்கும்போது, "பிதாவே, இவர் எவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறார் என்று உமக்குத் தெரியும்" என்று ஆரம்பிக்கப் போனார். உதட்டில் ஒரு விரல் வைத்ததுபோல் இருந்ததாம். இவனைத் தொடுகிறவன் என் கண்மணியைத் தொடுகிறான் என்று உள்ளே ஒரு சத்தம். அதோடு அந்தப் போதகரைக் குற்றஞ்சாட்டுவதை நிறுத்தி, அவரிடம் உள்ள நன்மைகளைக் காட்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்காகவும் ஸ்தோத்திரம் பண்ணினார்.

ஜெபத்துக்குள்ளேயே புறங்கூற முடியும் என்று எனக்குக் காட்டினது இந்தச் சம்பவம்தான். நேற்று அந்தக் கூட்டத்தில் அந்த விரல் எத்தனை உதட்டுக்குத் தேவைப்பட்டது!

23 மார்ச்

தம்பி மறுபடி கேட்கிறார்: "சரி, என் பாவம் தப்பு என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தால் போதாதா? அதில் தேவனுடைய துக்கம் எங்கே வருகிறது?"

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வயல் வரப்புக்காகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை, சர்வேயர் வரை போனது. இரண்டு பேரும் ஒரே கோயில். நற்கருணை ஞாயிறு வந்தால் ஒருவர் பீடத்தின் தென்கோடியில் முழங்கால் படியிடுவார், மற்றவர் வடகோடியில். ஊருக்குத் தெரியும். போதகர் ஐயருக்கும் தெரியும், ஜாடையாகப் பிரசங்கமும் பண்ணிப் பார்த்தார். அப்பாவுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியாதா? சங்கீதம் 133ஐ மனப்பாடமாகச் சொல்வார்.

ஒரு ஞாயிறு ஆச்சி எழுந்து போகவே இல்லை. எல்லாரும் வரிசையில் போகிறார்கள், ஆச்சி மட்டும் முந்தானையில் முடிந்த காணிக்கைக் காசைத் திருகிக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஏன் என்று கேட்டார். "எந்தப் பக்கம் போயி முழங்கால் போட? ரெண்டும் என் வயித்துல கெடந்ததுதானே" என்றாள். அவ்வளவுதான். சாபம் விடவில்லை, சத்தம் போடவில்லை. மத்தியானம் மீன்குழம்பில் தலையை எடுத்து வழக்கம்போல அப்பா தட்டில் வைத்தாள். அப்பா அதைத் தொடாமல் கை கழுவிவிட்டு எழுந்து போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த அறுப்புக்குப் பிறகுதான் அப்பா பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றார். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்: "வரப்பு யாருக்குன்னு நான் யோசிக்கிறத அன்னைக்கோட விட்டுட்டேன். அம்மா பெஞ்சுல இருந்ததுதான் கண்ணுல நின்னுது."

தப்பு என்று தெரிவது ஒன்று. அது யாரை நோகடிக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவினது. ஆனால் லூக்கா அதற்கு அடுத்தபடியாக ஒன்று எழுதுகிறார்: கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப் பார்த்தார். அப்புறம்தான் அவன் வெளியே போய் மனங்கசந்து அழுகிறான். யூதாசுக்கும் மனஸ்தாபம் வந்தது. முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாத இரத்தம் என்று வாயாலேயே ஒத்துக்கொண்டான். ஆனால் ஆசாரியரிடம் போனான். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். நோகடிக்கப்பட்டவரிடம் அவன் போயிருந்தால்?

24 மார்ச்

சென்னையிலிருந்து ஒரு தங்கை நேற்றைய குறிப்புக்கு எழுதியிருக்கிறார்: "என் அம்மாவும் இப்படித்தான், சாப்பிடாமல் இருந்தே எங்களை வழிக்குக் கொண்டுவருவார். உங்கள் ஆச்சி கதை எனக்குப் பயமாக இருக்கிறது."

நியாயமான பயம். ஆச்சி அன்றைக்குச் சாப்பிட்டாள், எல்லாருக்கும் பரிமாறினாள், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நம் வீடுகளில் துக்கத்தைக் கயிறாக்கிப் பிள்ளைகளைக் கட்டுகிற தாய்தகப்பன்மார் உண்டு, போதகர்மாரும் உண்டு. "நீ இப்படிச் செய்தால் தேவன் எவ்வளவு துக்கப்படுவார் தெரியுமா" என்று சொல்லி ஒரு பெண்ணைப் பிடிக்காத கல்யாணத்துக்குத் தள்ளினதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அது தேவனுடைய துக்கம் இல்லை, அவர் பேரை வைத்து மனுஷர் ஓட்டின வண்டி. இயேசு எருசலேமுக்காக அழுதார், ஆனால் அதன் வாசலை உடைத்துக்கொண்டு நுழையவில்லை. கோழி தன் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்வதுபோல் சேர்க்க மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று என்கிறார். மனதில்லை என்பதை மதித்துவிட்டு அழுகிறார்.

30 மார்ச்

தம்பி இப்போது முழுவதும் சொல்லியிருக்கிறார். அவர் அப்பா சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு குடும்பத்தோடு போய்விட்டார். சபையில் எல்லாரும் "அப்பாவுக்காகக் கண்ணீரோடு ஜெபி" என்கிறார்களாம். "எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது, அக்கா."

இதை முதல் நாளே எழுதியிருந்தால் என் பதில் வேறு இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கும்.

தம்பி, உங்களுக்கு ஆத்திரம் வருவது சரி. மாற்கு 3:5ஐ எடுத்துப் பாருங்கள். சூம்பின கையோடு ஒருவன் நிற்கிறான், அவனைக் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். இயேசு அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்தார். விசனமும் கோபமும் ஒரே பார்வையில். ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாவத்தைக் குறித்துத் தேவன் துக்கப்படுகிறார் என்றால் முதலில் யாருக்காக? தாவீது 51ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான். நான் பல காலம் அந்த வரியில் இடறியிருக்கிறேன். அப்போ உரியா? தாவீது மனைவியை அபகரித்துச் சாகவைத்தவன் அவன்தானே? ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள் கொண்டுபோன கதையில் முன்னால் நிற்பது யார்? ஒரே ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து வளர்த்த தரித்திரன். மத்தேயு முதல் அதிகாரத்தில் அத்தனை தலைமுறைக்குப் பிறகு, மேசியாவின் வம்ச அட்டவணையில், சாலொமோனின் தாயைப் பேர் சொல்லாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று எழுதுகிறார். தாவீதை மன்னித்த தேவன் உரியாவின் பெயரை அழியவிடவில்லை.

ஆகவே உங்கள் அப்பா பாவத்தில் தேவனுடைய துக்கம் முதலில் உங்கள் அம்மாவுக்காக, அப்புறம் உங்களுக்காக. நீங்கள் அவருடைய துக்கத்தில் பங்கெடுப்பதற்கு முன்னால் அவர் உங்களுடையதில் பங்கெடுத்திருக்கிறார். அப்பாவுக்காக அழுகிற நாள் வந்தால் வரட்டும். சபையில் யாரும் உங்களை அவசரப்படுத்தினால், அக்கா வேண்டாம் என்று சொன்னார் என்று சொல்லுங்கள்.

2 ஏப்ரல்

தனிச்செய்தி அனுப்பின சகோதரிக்கு, பேர் சொல்லாமல் இங்கேயே. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறிக்கையிட்ட அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் தீரவில்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்கிறீர்கள். இதைத் தேவனுக்கேற்ற துக்கம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2 கொரிந்தியர் 7:10இல் தேவனுக்கேற்ற துக்கம் இரட்சிப்புக்கு நடத்துகிறது, மரணத்துக்கு நடத்துவது வேறு. இன்றைக்கே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே போகலாம். தனியாகப் போக வேண்டாம். பதில் எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.

6 ஏப்ரல்

மனம் டோனாவூர் பக்கம் போகிறது. களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரம். பின்னால் அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் என்கிற மிஷனெரி அம்மையார் 1901இல் பண்ணைவிளையில் இருந்தபோது, கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிரீனா என்று பெயர். அவள் வாயிலிருந்துதான், தேவதாசியாக நேர்ந்துவிடப்படுகிற பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று அம்மையாருக்கு விவரமாகத் தெரியவந்தது. அந்தப் பாரம் தாங்க முடியாமல் போன ஒரு நாளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். வீட்டைச் சுற்றியிருந்த புளியமரங்கள் ஒலிவமரங்களாகத் தெரிந்தனவாம். ஒரு மரத்தடியில் இயேசு தனியாக முழங்காலில் இருக்கிறார். இந்தப் பாரம் அவருடையது, என்னுடையதில்லை; என் பாரத்தைச் சுமக்க நான் அவரைக் கூப்பிடவில்லை, தம் பாரத்தில் பங்கெடுக்க அவர்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று அப்போது புரிந்தது என்கிறார். போய்ப் பக்கத்தில் முழங்கால் போடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்.

தம்பி முதல் நாள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான். நாமாகப் பிழிந்து துக்கத்தை வரவழைக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அவரிடம். நாம் பக்கத்தில் போவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அம்மையார் முழங்காலோடு நிறுத்தவும் இல்லை. பிள்ளைகளைத் தேடி எடுத்தார், வளர்த்தார், 1951இல் சாகும்வரை டோனாவூரிலேயே இருந்தார். பிள்ளைகளை நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடைசெய்த சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தது; அதற்காகச் சட்டசபையிலும் வெளியிலும் போராடினவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

7 ஏப்ரல்

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், ஒரு விஷயம் தூங்கவிடவில்லை. டோனாவூர்க் கதையைச் சொல்லும்போது நம் ஜனத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: பாவம் எல்லாம் கோயில் வீட்டில், கண்ணீர் எல்லாம் மிஷன் வீட்டில்.

அதே வருடங்கள், அதே திருநெல்வேலிச் சீமை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, ஜனங்கள் உட்காருகிற பகுதி இரண்டு. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானவர்கள் மறுபக்கம். நடுவில் தடுப்பு. 1910இல் குருக்கள் அதை இடித்தார்கள். இடித்ததற்காக வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. பிரிவு வேண்டும் என்று கேட்டவர்கள் தோற்றார்கள். புராட்டஸ்டண்ட் பக்கம் நாங்கள் பரிசுத்தவான்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைகள் உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையைத்தான் விட்டார்கள், சாதியை விடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துக் கட்டின சுவருக்கு எதிராக நம் காலத்திலேயே போராட வேண்டியிருந்தது.

இன்றைக்கு? எந்தக் கிறிஸ்தவப் பத்திரிகையாவது எடுத்துத் திருமண விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஜெப ஜீவியமுள்ள மணமகள் தேவை" என்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். அச்சுக் கோத்தவர், பிழை திருத்தினவர், வாசித்தவர், யாருக்கும் அது உறுத்தவில்லை. எங்கள் சொந்தத்திலும் வரன் பார்க்கும்போது இதே பேச்சுத்தான், நடு வீட்டில், ஜெபம் பண்ணிவிட்டு.

எசேக்கியேல் 9இல், நகரத்தில் செய்யப்படுகிற அருவருப்புகளினிமித்தம் பெருமூச்சுவிட்டழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடச் சொல்கிறார் கர்த்தர். இரண்டு வசனம் தள்ளி, நியாயத்தீர்ப்பை எங்கே ஆரம்பிக்கச் சொல்கிறார் தெரியுமா? "என் பரிசுத்த ஸ்தலத்திலே துவக்குங்கள்." சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்ட நாம் எதற்காகப் பெருமூச்சு விடுகிறோம்? சினிமாவுக்காக, பிள்ளைகளின் செல்போனுக்காக, ஊரில் நடக்கிற திருவிழாவுக்காக. இதற்காக விட்டோமா?

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். நல்ல வெயில், நல்ல சத்தம். ஓசன்னா பாடுகிற அந்த ஊர்வலத்தின் நடுவில்தான் அவர் நகரத்தைப் பார்த்து அழுதார் (லூக்கா 19:41). கூட்டத்தில் யாராவது கவனித்தார்களா என்று லூக்கா சொல்லவில்லை.

"கிறிஸ்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டியவன்" என்று கீழே ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆமாம் ஐயா. அவரும் அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இவர்கள் பேசாமலிருந்தால் கல்லுகளே கூப்பிடும் என்று பரிசேயரிடம் சொன்னார். அடுத்த வசனத்தில் அழுதார்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை முடிந்து வந்தேன். இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. 2ஆம் தேதி நான் பதில் எழுதின சகோதரி மருத்துவரைப் பார்த்துவிட்டார், அக்கா கூடப் போனாராம். ஸ்தோத்திரம்.

27 ஏப்ரல்

தம்பி எழுதியிருக்கிறார்: ஈஸ்டருக்கு ஊருக்குப் போனாராம். அப்பாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை. அம்மாவுக்கு ரேஷன் கார்டில் பெயர் மாற்றுகிற வேலை பாக்கி இருந்ததை அலைந்து முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாராம். "இதற்கும் நாம் பேசினதற்கும் சம்பந்தம் உண்டா அக்கா?" என்று கேட்கிறார். உண்டு.

அவர்கள் இளைஞர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம், என்ன பகுதி வாசிக்கலாம் என்கிறார். 1 சாமுவேல் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிகாரம் முடிகிற இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். பதினைந்தாம் அதிகாரம் சாமுவேல் சவுலுக்காகத் துக்கித்துக்கொண்டிருப்பதோடு முடிகிறது. பதினாறின் முதல் வசனத்தில் கர்த்தரே வந்து, நீ எந்தமட்டும் துக்கித்துக்கொண்டிருப்பாய், உன் கொம்பைத் தைலத்தால் நிரப்பிக்கொண்டு வா, உன்னைப் பெத்லெகேமுக்கு அனுப்புகிறேன் என்கிறார். அந்தத் துக்கத்தைச் சாமுவேலிடம் கொடுத்தவரும் அவர், எழுந்திரு என்றவரும் அவர். 16:13 வரை ஒரே மூச்சாக வாசியுங்கள். கூட்டம் எந்த நாள் என்று சொல்லுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் நானும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.